பத்தாவது புதன்கிழமை

— அடி பாதகத்தி! உனக்குப் பேச வருமா?

— வரும் அக்கா. மன்னிச்சுக்குங்க. முதல்ல உட்காருங்க.

— எப்படி உட்கார்றது? பத்து வாரம்! பத்துப் புதன்கிழமை இந்தப் பாயில வந்து உட்கார்ந்துட்டுப் போயிருக்கே. வாயில கொழுக்கட்டை வச்சாப்புல ஒரு சத்தம் இல்லே. வாய் பேசாத பொண்ணு, பாவம்னு ஒவ்வொரு தடவையும் முதல் ஈடு வடையை உன் முன்னாலதான் வச்சேன். எம்பொழப்பே அந்த வடையிலதான் ஓடுது, தெரியுமில்லே?

— தெரியும். பசுந்தாங் சந்தை முனையில உங்க சட்டியைச் சுத்தித்தானே கூட்டம். ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா. முதல் நாளே சொல்லத் தோணுச்சு, அடக்கிக்கிட்டேன்.

— வடையப் பத்தி இப்ப யாரு கேட்டா? பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுக்குறே, "சொர்ணம்மாக்கா, நான் எழுதினதை வாசிக்கிறேன், கேளுங்க"ங்கிறே. எனக்கு உசிரே போயிடுச்சு. கோயில்ல அம்மன் வாயத் தொறந்திருந்தாக்கூட இப்படிப் பதறியிருக்க மாட்டேன்.

— வள்ளிக்கண்ணு வெளியே போகட்டும்னுதான் காத்திருந்தேன். அவ முன்னால நான் பேசக் கூடாது.

— அவ இப்போதைக்கு வர மாட்டா. அய்யூப் காக்கா கடையில தபால்தலை பார்த்துக்கிட்டு நிப்பா. பேசாத பிள்ளைக்கு அது ஒரு பைத்தியம். பழைய கவர்லேர்ந்து கிழிச்சு வாங்கி நோட்டுல ஒட்டுறா. மாசியில ஒரு நாள் புதுத் தபால்தலையே விரல் நீட்டிக் கேட்டாளாம். காக்கா சொல்லிச் சிரிச்சார். சரி, நீ யாரு? அதைச் சொல்லு முதல்ல.

— செலின். குவேக்கர் சபைக்காரங்க நடத்துற காலேஜ்ல படிக்கிறேன். முதல் நாள் உங்க கையில ஒரு காகிதம் கொடுத்தேனே அக்கா, அதுல எல்லாம் இருந்துச்சே. "வள்ளிக்கண்ணு பேச்சை நிறுத்திட்டதா பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. அவளோட உட்கார இவளை அனுப்புறோம். பிள்ளை பேசுற வரைக்கும் இவளும் பேச மாட்டா, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு பர்மா பாஷையில எழுதி.

— எனக்குப் பர்மா பேசத்தான் வரும். படிக்க எந்த எழுத்தும் வராது. அந்தக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா இருக்கு. பள்ளிக்கூடத்துச் சயாமா வந்து, "புதன்கிழமை ஒரு பொண்ணு வரும், பிள்ளையோட உட்காரும்"னு சொல்லிட்டுப் போனா. வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தானே இருக்கும்? ஊமையாப் போன பிள்ளைக்கு ஊமைப் பொண்ணைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க, என்ன பொருத்தம்னு நான் பாட்டுக்கு மெச்சிக்கிட்டேன்.

— பிள்ளை எவ்வளவு பேசுதோ அதுக்கு மேலே நாம ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது. எங்க ஹன்னா சொல்லிக் கொடுத்த வழி.

— யாரு ஹன்னா? உன் கூட்டாளியா?

— காலேஜை நடத்துற வெள்ளைக்காரம்மா. அறுபது வயசு இருக்கும். அங்க பெரியவங்க, சின்னவங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். மிஸ்ஸும் கிடையாது, டீச்சரும் கிடையாது. இதைக் கேட்டு எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலே.

— எப்படி இறங்கும்? வேற என்ன சொல்லிக் குடுக்கிறாங்க? வாயப் பொத்திக்கிட்டு உட்கார ஒரு காலேஜா?

— கைக்குழந்தையைக் குளிப்பாட்டுறதுலேர்ந்து, குடிச்சுட்டு வர்ற புருஷன் இருக்கிற வீட்டுல எந்தப் பக்கமா உட்காரணுங்கிற வரைக்கும் எல்லாம் உண்டு. குழந்தைங்க, குடும்பங்க, அவ்வளவுதான் பாடம். பதினோரு பேர் படிக்கிறோம். ஆனா தினமும் காலையில அரை மணி நேரம் எல்லாரும் சும்மா உட்காருவோம். பாட்டு இல்லே, ஜெபம் இல்லே. மனசுல ஏதாவது வந்தா யாராவது எழுந்து ரெண்டு வார்த்தை சொல்வாங்க. வரலேன்னா கையைக் குலுக்கிட்டு எழுந்துடுவோம்.

— நீ வேதக்காரப் பொண்ணுதானே? இல்லே அதுவும் இல்லையா?

— வேதக்காரிதான். பபேடான்ல வீடு. அப்பா துறைமுகத்துல கிளார்க்கு, ஜெபதாஸ்னு பேரு. எங்க கோயில்ல ஆர்மோனியம் இல்லாம எதுவும் நடக்காது. காலேஜ்ல முதல் வாரம் அந்த அமைதியில எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வெளியே ஓடிப் போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

— உன் கதை இருக்கட்டும், என் கதைக்கு வா. நான் இங்க உட்கார்ந்து கொட்டினதெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— எல்லாமுமா?

— எல்லாமும்.

— அடி ஆத்தே! கப்பல் கதையுமா?

— ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப, உங்க பக்கத்து வீட்டுத் தைலம்மாள் புருஷனோட, கைக்குழந்தையோட மெட்ராசுக்குக் கப்பல் ஏறினாங்க. மூத்தவ வள்ளிக்கண்ணுக்கு அம்மை போட்டிருந்துச்சு. அம்மைப் பிள்ளையை ஏத்த மாட்டோம்னுட்டாங்க. டிக்கெட்டை விட்டா மறுபடி எப்பக் கிடைக்குமோன்னு அவங்க தவிச்சப்ப, நீங்கதான் சொன்னீங்க. "நீ போ தைலு, பிள்ளைக்கு உடம்பு தேறினதும் அடுத்த கப்பல்ல அனுப்பி வைக்கிறேன்"னு.

— போதும், போதும்.

— நீங்க கேட்டீங்களேன்னு சொன்னேன்.

— அடுத்த கப்பலையும் சொல்லிடு. சொல்லித் தொலை.

— தலை வாரி, முகத்துல தனகாப் பட்டை அரைச்சுப் பூசி, புதுப் பாவாடை கட்டித் துறை வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்க. ரத்தினம்மாள் குடும்பத்தோட சேர்த்து அனுப்புறதா ஏற்பாடு. கப்பல் சங்கு ஊதுச்சு. பிள்ளை உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டு விடலே. மனசு கேட்காம வீட்டுக்குத் திரும்பிட்டீங்க.

— அவ பிடிக்கலே.

— என்ன அக்கா?

— அவ பிடிக்கலே. அவ என் கையை விட்டுட்டு ஏணியைப் பார்த்து ஒரு அடி வச்சா. நான்தான் அவ விரலைப் பிடிச்சு நிறுத்தினேன். உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். ஊமைன்னு நெனச்ச பொண்ணுகிட்டயே பொய் சொல்லியிருக்கேன் பாரு, என்னை என்னன்னு சொல்றது? எனக்குன்னு யாரு இருக்கா? புருஷன் போய் ஒன்பது வருஷம். அந்தப் பிள்ளைக்கு அம்மை இறங்கின அன்னைக்கு, "அத்தை, பசிக்குது"ன்னு கேட்டா பாரு, அன்னைக்கே நான் கெட்டுப் போயிட்டேன்.

— நானும் யோக்கியமில்லே அக்கா. மூணாவது புதன்கிழமையே எனக்குப் புரிஞ்சுபோச்சு, என்னை ஊமைன்னு நெனச்சுத்தான் இவ்வளவும் சொல்றீங்கன்னு. அப்பவே எழுந்து, எனக்குப் பேச வரும்னு சொல்லியிருக்கணும். நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க. இப்ப நிறுத்தினா இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு பட்டுச்சு. நான் பொய் சொல்லலே. ஆனா பொய்யா உட்கார்ந்திருந்தேன். ஏழு வாரமா அது உறுத்திக்கிட்டே இருக்கு.

— உங்க வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரியுமா?

— உங்க சேதி தெரியாது. நான் பண்ணின தப்பை மட்டும் சொன்னேன். "அதை என்கிட்ட ஏன் சொல்றே? அந்த வீட்டுல போய்ச் சொல்லு"ன்னாங்க.

— அந்தம்மா பரவாயில்லே போல. சரி, இந்த நோட்டு என்ன நோட்டு?

— இந்த வீட்டைப் பத்தி எழுதினது. ஒரு வீட்டைப் பத்தி என்ன எழுதினாலும் முதல்ல அந்த வீட்டுக்காரங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். அவங்க அடிக்கச் சொன்னதை அடிச்சுடணும். அது எங்க வழக்கம். நாளைக்குக் காலேஜ்ல எல்லாரும் கூடிக் கேட்பாங்க. கை தூக்கி ஓட்டுப் போடுறதெல்லாம் இல்லே. எல்லார் மனசும் ஒத்து வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்போம்.

— அங்கயும் உட்கார்றதுதானா! அப்புறம்?

— அப்புறம் நோட்டெல்லாம் சர்க்கார் கைக்குப் போகும். திஞ்ஞான் தண்ணித் திருவிழா முடிஞ்சதும் ஹன்னா ஊருக்குப் போறாங்க. வெளிநாட்டுக்காரங்க இருக்க முடியாதாம். காலேஜைச் சர்க்கார் ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க.

— சர்க்கார் கைக்கா? அப்ப எல்லாம் முடிஞ்சுது. பிள்ளை யாருது, அப்பன் ஆத்தா எங்கேன்னு கேட்பான். மெட்ராஸ்லன்னா, அடுத்த கப்பல்ல ஏத்துன்னுவான். நீ போயிடு. நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடு.

— ஒரு தடவை கேட்டுடுங்க அக்கா. பிடிக்கலேன்னா உங்க அடுப்புலயே போட்டுடறேன். "வள்ளிக்கண்ணு, வயது எட்டு. பசுந்தாங்கில் இரண்டாவது மாடி வீடு. பிள்ளை நன்றாக உண்கிறாள், உறங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். தை மாதத்திலிருந்து பேசுவதில்லை. பேச்சு வராமல் இல்லை, எதற்காகவோ பேசாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். பத்து வாரத்தில் இந்த வீட்டில் பிள்ளையை அடித்து நான் பார்க்கவில்லை. ஒருமுறை சத்தம் போட்டதைப் பார்த்தேன், எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் வந்ததற்காக."

— அதையும் எழுதிட்டியா!

— "பிள்ளையை வளர்ப்பவர் சொர்ணம்மாள், கைம்பெண், வயது நாற்பத்தாறு. தன் தட்டில் விழும் வடையை எண்ணாதவர், பிள்ளையின் தட்டில் விழுவதை எண்ணிப் பார்ப்பவர். பிள்ளை அவருக்கு..." இதோட நிறுத்தியிருக்கேன். அந்த இடம் வெறுமையா இருக்கு.

— மகள்னு எழுது.

— எழுத முடியாது அக்கா.

— ஏன் முடியாது? ஒரு சொல்லுதானே? உன் பேனாவுல மை இல்லையா?

— உள்ளது உள்ளபடிதான் எழுதணும். கோர்ட்டுல கூடக் குவேக்கர் ஆளுங்க சத்தியம் பண்ண மாட்டாங்க. சத்தியம் பண்ணினாத்தான் உண்மை பேசுவேன்னு ஆயிடும், மத்த நேரம் பொய் பேசலாம்னு ஆயிடும்னு சொல்வாங்க.

— அதெல்லாம் வெள்ளைக்காரங்க வீட்டுக்குச் சரி. இங்க பறிபோறது எம்பிள்ளை. உனக்கு என்ன, நோட்டை மூடிட்டு வேற வீட்டுக்குப் போயிடுவே.

— வேற வீட்டுக்குப் போறவளா இருந்தா இவ்வளவு பயந்துக்கிட்டு வந்திருக்க மாட்டேன். ஹன்னா போனாலும் நாங்க நாலு பேர் இங்கதான் இருக்கப் போறோம். தாகேதாவுல ஒரு கொட்டகை பார்த்திருக்கோம், வேலைக்குப் போற அம்மாங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போக.

— அங்கயும் வாயப் பொத்திக்கிட்டுத்தானா?

— அங்க அம்பது பிள்ளைங்க கத்தும், என் வாய் யாருக்குக் கேட்கப் போகுது? இதைக் கேளுங்க அக்கா. முழுப் பக்கத்தையும் கிழிக்கச் சொன்னாலும் கிழிக்கிறேன். எழுதாம இருக்கலாம், இல்லாததை எழுதத்தான் முடியாது. ஆனா வெறுமையா விட்டா, வர்றவன் அந்த இடத்தைத்தான் முதல்ல கேட்பான். தைலம்மாளே, "பிள்ளை சொர்ணம்மா மதினிகிட்ட இருக்கட்டும்"னு ஒரு வரி எழுதியிருந்தாங்கன்னா, நான் அதை அப்படியே இங்க எழுதிடுவேன். பெத்தவ சம்மதத்துக்கு மேலே யாரு என்ன கேட்க முடியும்?

— அவ எப்படி அப்படி எழுதுவா?

— எழுதலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்த கடிதாசியை நீங்க பிரிக்கவே இல்லையே.

— பருப்பு டின்னைப் பத்தியுமா உளறியிருக்கேன்?

— நாலாவது புதன்கிழமை.

— என் வாயில மண்ணைப் போட! ஆமா, பிரிக்கலே. பிரிச்சா, "எம்பிள்ளை எங்கே மதினி"ன்னு கேட்பா. கேட்டுட்டா நான் பதில் சொல்லணும். பிரிக்காத வரைக்கும் அவ இன்னும் கேட்கலேன்னுதானே அர்த்தம்? டின்னுல ரெண்டு கிடக்கு. போன வாரம் மூணாவதா ஒண்ணு வந்துச்சு. அதைத் தலைகாணி உறைக்குள்ள வச்சிருக்கேன். ஒரு வாரமா தூக்கமே இல்லே.

— நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உட்காருவோமா?

— மறுபடியுமா!

— கொஞ்ச நேரம்தான்.

— ...

— ...

— கடிகாரம் என்னமா சத்தம் போடுது! இந்த வீட்டுல இது ஓடுறதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

— ...

— இந்தா, அந்த டின்னை இழு. பருப்புக்குள்ள கையை விடு, அடியில இருக்கும். விடுன்னா விடு, என் மனசு மாறுறதுக்குள்ள.

— இருக்கு. ரெண்டும் இருக்கு. இதுல என்னமோ சோத்துப் பருக்கை ஒட்டிக் காஞ்சிருக்கே அக்கா.

— சமையக்கட்டு டின்னுல சோறும் ஒட்டும், மாவும் ஒட்டும். ஐயோ, படியில செருப்புச் சத்தம். கண்ணு வர்றா. மூடு, பருப்பைத் தள்ளி மூடு!

— வேண்டாம் அக்கா. அவ அம்மாவோட கடிதாசிதானே இது.

— எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம்... சரி. சரி, வா கண்ணு. இங்க வந்து என் பக்கத்துல உட்காரு. இந்தச் சயாமாவுக்கு வாய் இருக்கு தெரியுமா? நல்லாவே பேசுறா. ஏண்டி, நீ ஆச்சரியமே படலையே! ஊர்ல ஏமாந்தவ நான் ஒருத்திதானா?

— வள்ளிக்கண்ணு, இன்னைக்கு ஒரு நாள் உன் முன்னால பேசுறேன். உங்கம்மா எழுதின கடிதாசியை அத்தை வாசிக்கச் சொல்றாங்க. நீ இருக்கணும்னா இரு, போகணும்னா போ. இருக்கியா? சரி.

— வாசி. பட்டுனு வாசி.

— இது முதல் கடிதாசி. அறுபத்து நாலு ஐப்பசி. "மதினிக்குத் தைலம்மாள் சொல்லி, அவர் எழுதியது. நாங்கள் மெட்ராசில் கேம்ப்பில் இருக்கிறோம். பிள்ளைக்கு அம்மை இறங்கிவிட்டதா? அடுத்த கப்பலில் வந்த ரத்தினம்மாளைத் துறையில் போய்ப் பார்த்தோம். அவர்களோடு பிள்ளை வரவில்லை. இன்னும் உடம்பு தேறவில்லையா? ஒரு வரி எழுதுங்கள்."

— துறையில வந்து காத்திருந்திருக்கா. பாவி, நான் இங்க பிள்ளைக்குப் பாயசம் வச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். அடுத்ததை வாசி.

— இது இந்த வருஷம் மார்கழி. எப்ப வந்துச்சு அக்கா?

— பொங்கல் வாரத்துல.

— அப்ப தை மாசம். கண்ணு பேச்சை நிறுத்தினதும் தையிலதானே?

— அதுக்கும் இதுக்கும் என்ன? நீ வாசி.

— "மதினி, ஒரு வருஷத்துக்கு மேலாக உங்களிடமிருந்து பதில் இல்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது. அம்மை பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதை எழுதக் கை வராமல்தான் நீங்கள் எழுதவில்லை. உங்கள்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர்கள் என்று தெரியும். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். வருஷா வருஷம் அந்த நாளில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும்."

— உசிரோட இருக்கிற பிள்ளைக்கு விளக்கா? நான்தானே ஏத்த வச்சேன். என் மேல வருத்தம் இல்லேங்கிறாளே, அதைக் கேட்டியா? திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். கண்ணு, என்னைப் பார்க்காதே. உங்கத்தை நல்லவ இல்லே. செலின், எடு உன் நோட்டை. உள்ளபடியே எழுது. பிள்ளை தைலம்மாளோட பிள்ளை. கப்பல் வந்தா அனுப்பிடு. நானே கூட்டிட்டு வர்றேன், இந்தத் தடவை விரலைப் பிடிக்க மாட்டேன்.

— மூணாவது இன்னும் இருக்கு அக்கா.

— அதுல இன்னும் என்ன இருக்கப் போகுது? விளக்கு ஏத்தினேன்னு இருக்கும். தலைகாணிக்குள்ள இருக்கு, எடுத்துக்கோ.

— பங்குனி பத்தாம் தேதி போட்டிருக்கு. "மதினிக்கு, தைலம்மாள். உங்கள் கடிதம் பங்குனி மூன்றாம் தேதி கிடைத்தது..."

— யாரோட கடிதம்?

— "உங்கள் கடிதம்"னுதான் இருக்கு. இருங்க அக்கா, முடிக்க விடுங்க. "வள்ளிக்கண்ணு சுகமாக இருக்கிறாள் என்ற முதல் வரியைத் தாண்டி அன்றைக்கு அவரால் வாசிக்க முடியவில்லை. நான் அவரை வாசிக்க விடவும் இல்லை. அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். கேம்ப் முழுக்கச் சர்க்கரை கொடுத்தோம்."

— அம்மா, தாயே!

— "மறுநாள்தான் மீதியை வாசித்தார். பிள்ளை ஏணியைப் பார்த்து அடி எடுத்து வைத்ததையும், நீங்கள்தான் அவள் விரலைப் பிடித்து நிறுத்தினீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தீர்கள். ‘தப்பு என் மேல்தான் தைலு. எனக்கு யாரும் இல்லை, அதனால் செய்துவிட்டேன். பிள்ளை உன் பிள்ளை. நீ கேட்டால் அழுதுகொண்டாவது கொடுத்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது மதினி. இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். மூன்றாம் நாள் திட்ட வரவில்லை. வேப்பிலையை விரித்து இருபத்தோரு நாள் கண் விழித்து என் பிள்ளையைப் பிழைக்க வைத்தவளைத் தவிர வேறு யார் இப்படி ஒரு கடிதம் எழுதுவார்கள்?"

— நிறுத்து செலின், போதும்.

— இன்னும் நாலே வரி. "நாங்கள் இருப்பது தகரக் கொட்டகை. சின்னவனுக்கு அடிக்கடி காய்ச்சல். வள்ளிக்கண்ணு உங்களிடமே இருந்து படிக்கட்டும், இதை என் முழு மனசோடு சொல்கிறேன். எங்களுக்கு ஒரு வீடு அமையட்டும், அப்போது அவளையே கேட்போம். மாதம் ஒரு கடிதம் மட்டும் தவறக் கூடாது. உங்களுக்காக இதை எழுதிக் கொடுத்தவர் யாரோ, அவருக்கும் எங்கள் கும்பிடு."

— கண்ணு, கேட்டியா? நீ இங்கயே இருக்கலாமாம்!

— அக்கா, அந்த வெறும் இடத்தை இப்ப நான் நிரப்பிடலாம். "பெற்ற தாயின் சம்மதத்தோடு இந்த வீட்டில் வளர்கிறாள்." ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்லே. நாளைக்கு எல்லார் முன்னாலயும் நிமிர்ந்து நின்னு வாசிப்பேன்.

— நீ மகராசியா இருக்கணும். ஊமையா வந்து என் குடும்பத்தைக் காப்பாத்திட்டே. எழுத மாட்டேன், பொய் எழுத மாட்டேன்னு பெரிசா வீறாப்புக் காட்டினியே, என் பேர்ல எவ்வளவு அழகா எழுதியிருக்கே!

— நான் எழுதலே அக்கா.

— விளையாடாதே. நான்தான் உன்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேனே. மேல்விலாசம் கவர்லயே இருக்கு.

— நிஜமா நான் இல்லே. அந்த விரல் சேதியைப் பாருங்க. என்கிட்ட நீங்க மாத்தித்தானே சொல்லியிருந்தீங்க? பிள்ளைதான் உங்க விரலைப் பிடிச்சான்னு. உள்ளது என்னன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். இந்தக் கடிதாசி வந்து ஒரு வாரம் ஆச்சு.

— அப்ப யாரு? அய்யூப் காக்காவா? அவருக்கு என்ன தெரியும்? அந்த விரல் சேதி உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும்...

— சொல்லுங்க அக்கா. உங்களுக்கும்?

— கண்ணு?

— இப்ப நாம பேச வேண்டாம் அக்கா. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்.

— ...

— ...

— டின்னுல இருந்த ரெண்டையும் பொங்கலுக்குப் பிரிச்சுப் படிச்சேன். சோத்தை வச்சு ஒட்டிட்டேன். வாயத் தொறந்தா உன்கிட்டச் சொல்லிருவேன், நீ அழுவேன்னுதான் பேசலே.

— ஐயோ, என் தங்கமே! பேசுறியே! எனக்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தே? என் பேர்ல நீயாடி அதை எழுதினே?

— உனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா நீயும் இப்படித்தானே எழுதியிருப்பே அத்தை?